ஊரே நல்லவர் என்கிறது. கணக்கு வேறு சொல்கிறது

கேள்வி: என் அக்காள் கணவரைப் பற்றி எங்கள் உறவு வட்டத்தில் குறை சொல்வார் யாருமில்லை. யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். அப்பாவின் கடைசி நாள்களில் மருத்துவமனையில் இரவெல்லாம் கண் விழித்தவரும் அவர்தான். அப்பா மறைந்த பின் அம்மாவின் வரவு செலவுகளை அவரே பார்த்துவந்தார். சென்ற மாதம் தற்செயலாக வங்கிக் கணக்கைப் பார்த்தபோது, அம்மாவின் வைப்புத்தொகைகள் ஒவ்வொன்றாக முதிர்வுக்கு முன்பே எடுக்கப்பட்டிருப்பதும், வீட்டின் பேரில் அம்மாவுக்கே தெரியாமல் கடன் பெறப்பட்டிருப்பதும் தெரியவந்தன. அவரிடம் கேட்டேன். சிறிதும் பதறாமல், நான் சரியாகத் தூங்குகிறேனா என்று விசாரித்தார். மறுநாளிலிருந்து எனக்கு மனநிலை சரியில்லை என்று உறவினர்களிடம் வருத்தத்தோடு சொல்லிவருகிறார். இவர் ஒரு சைக்கோபாத்தா? இத்தனை ஆண்டுகள் எங்கள் ஒருவர் கண்ணிலும் படாமல் போனது எப்படி? அப்பாவைப் பார்த்துக்கொண்டதும் நடிப்புதானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அத்தானைச் சைக்கோபாத் (பிறர் வலி உறைக்காத, குற்றவுணர்வற்ற ஆள்) என்றோ இல்லையென்றோ ஒரு கடிதத்தைக் கொண்டு என்னால் சொல்ல முடியாது. சொல்பவர் எவராயினும் நம்பாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் சைக்கோபாத் தன்மை தனி நோயாக இடம்பெறவில்லை. சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்பதே அங்குள்ள நெருங்கிய பெயர். சைக்கோபாத் தன்மையை அளக்கப் பரவலாகப் பயன்படுவது கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய மதிப்பீட்டுப் பட்டியல். அதில் 20 கூறுகள். கூறு ஒன்றுக்கு 2 மதிப்பெண் வரை, மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-ஐ எட்டினால் சைக்கோபாத் எனக் கொள்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் நீண்ட நேரம் நேர்காணல் செய்த பிறகும், அந்த ஆளின் பேச்சை மட்டும் வைத்து மதிப்பெண் போட அனுமதியில்லை. பள்ளி, வேலை, வழக்கு, மணவாழ்க்கை என்று பழைய ஆவணங்களையும் பிறரிடமிருந்து கிடைத்த தகவல்களையும் புரட்டிப் பார்த்து, சொன்னதோடு ஒப்பிட்டாக வேண்டும். இத்தகையவரின் முகத்தையும் பேச்சையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதை அத்துறை வல்லுநர்களே தங்களுக்கு விதியாக வகுத்துக்கொண்டிருக்கும்போது, சாப்பாட்டு மேசையில் எதிரே அமர்ந்திருந்த நீங்கள் கண்டுபிடிக்கவில்லையே என்று நொந்துகொள்வதில் நியாயமில்லை.

திரைப்படங்கள் நமக்குக் காட்டிப் பழக்கிய வெறித்த பார்வையும் தனக்குத்தானே சிரிப்பதும் சைக்கோபாத்துகளிடம் இருக்காது. அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941-இல் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியபோது அவரை வியக்க வைத்ததே இதுதான்: பிரமை இல்லை, பதற்றம் இல்லை, பேச்சில் இனிமையும் அறிவும் உண்டு, ஆனால் வாழ்ந்த வழியெல்லாம் சேதம். குரல்கள் கேட்பதாகச் சொல்லித் துன்புறும் மனநோயாளிக்கு நிஜத்தோடு உள்ள பிடி தளர்ந்துபோகிறது. இவர்களுக்கோ அந்தப் பிடி சற்றும் தளர்வதில்லை. எதிரில் இருப்பவர் எதை விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பது இவர்களுக்கு நன்றாகப் புரியும், அந்த வலி தம்மைத் தொடுவது மட்டும்தான் நிகழாது. சாவு வீட்டில் எந்த நேரத்தில் யார் தோளைத் தொட வேண்டும் என்று அறிவதற்குத் துக்கம் தேவையில்லை, கவனம் போதும்.

சாதாரண மனிதர்கள் பொய்யை எவ்வளவு இனம் காண்கிறார்கள் என்று ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான கணிப்பின்படி, சராசரி வெற்றி 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். கருவிகளும் பெரிதாக உதவிவிடவில்லை. அமெரிக்காவில் பல பெண்களைக் கொன்ற கேரி ரிட்ஜ்வே 1984-இல் பொய் கண்டறியும் சோதனையில் தேறி வெளியே வந்தார். 1987-இல் அவரிடம் எடுத்து வைத்த உமிழ்நீர் மாதிரிதான் 2001-இல் மரபணுச் சோதனையில் அவரைக் காட்டிக்கொடுத்தது.

இங்கிலாந்தின் ஹைடு நகரில் பொதுநல மருத்துவராக இருந்த ஹரோல்ட் ஷிப்மனின் வழக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கூப்பிட்டால் வீட்டுக்கே வரும் மருத்துவர் என்று முதியவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 215 நோயாளிகளை அவர் கொன்றார் என்று அரசு விசாரணை பின்னர் முடிவு செய்தது. அவர் முகத்தில் எவரும் எதையும் படிக்கவில்லை. இறுதிச் சடங்கு நிறுவனம் நடத்திய குடும்பத்தினர் கவனித்தது வேறு: அவருடைய நோயாளிகளான மூதாட்டிகள், நோயில் படுத்த அடையாளமே இல்லாமல், வெளியே போகும் உடையோடு நாற்காலியில் அமர்ந்தபடி இறந்துகிடந்தார்கள். உடலைத் தகனம் செய்ய அன்று அங்கே இன்னொரு மருத்துவரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தகனப் படிவங்களில் இரண்டாவது கையெழுத்துப் போட்டுவந்த எதிர்ப்புற மருத்துவமனையின் மருத்துவர்களுக்கு, படிவங்களின் எண்ணிக்கை உறுத்தியது. 1998 மார்ச்சில் அவர்களில் ஒருவர் முறையிட்டார். காவல்துறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடிவைத்தது. அதன் பிறகும் மூன்று பெண்கள் இறந்தார்கள். ஒரு மூதாட்டியின் பேரில் அவர் போலி உயில் தயாரித்தபோது, அம்மூதாட்டியின் மகளே வழக்கறிஞராக இருந்ததால் அகப்பட்டார். இறந்தவர்கள் ஏற்கெனவே நோயாளிகள் என்று காட்டுவதற்காகக் கணினிப் பதிவுகளில் பின்தேதியிட்டு எழுதியிருந்தார். எந்த நிமிடத்தில் எழுதினார் என்பதையும் கணினி பதிந்துவைத்திருந்தது அவருக்குத் தெரியவில்லை.

உங்கள் அத்தானை அந்தக் கொலைகாரரோடு நான் ஒப்பிடவில்லை. பொதுமக்களில் சைக்கோபாத்துகள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்பதே வழக்கமான மதிப்பீடு. பிறர் பணத்தில் கை வைப்பவர்கள் அதைவிட மிக அதிகம், அவர்களில் பெரும்பாலோர் சாதாரணப் பேராசைக்காரர்கள். ஆனால் இரு சாராரிடமிருந்தும் காத்துக்கொள்ளும் வழி ஒன்றே. நீங்களும் முகத்தைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை, வங்கிக் கணக்கைப் படித்துத்தான் கண்டுபிடித்தீர்கள். இனியும் அங்கேயே நில்லுங்கள்.

வங்கியிலிருந்து முழுக் கணக்கு விவரத்தையும் கடன் ஆவணங்களின் நகல்களையும் அம்மாவின் கையெழுத்தோடு எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் அம்மாவிடம் தனியாக, அத்தானோ அக்காளோ அருகில் இல்லாத நேரத்தில் பேசுங்கள். அதிகாரப் பத்திரம் ஏதேனும் எழுதிக் கொடுத்திருக்கிறாரா, வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டிருக்கிறாரா என்று பொறுமையாகக் கேளுங்கள். திட்டுவீர்கள் என்று அஞ்சினால் வயதானவர்கள் மறைத்துவிடுவார்கள். அதிகாரம் கொடுத்திருந்தால் வழக்கறிஞர் மூலம் முறைப்படி ரத்து செய்து வங்கிக்கும் தெரிவியுங்கள். இவை முடியும்வரை அத்தானிடம் மறுபடி நியாயம் கேட்கப் போகாதீர்கள். உங்களிடம் என்ன இருக்கிறது என்பதை அவர் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு பயன் இராது. மனநிலை பற்றிய அவதூறுக்கு வீடு வீடாகச் சென்று விளக்கம் சொல்ல வேண்டாம். எவ்வளவு ஆவேசமாக மறுக்கிறீர்களோ அவ்வளவுக்கு அவர் சொன்னது மெய்போலத் தோன்றும். கணக்கு விவரத்தின் நகலை, உறவில் நிதானமும் செல்வாக்கும் உள்ள ஒருவரிடம் காட்டுங்கள், போதும்.

சிக்கிக்கொண்டது தெரிந்தால் அவர் அழக்கூடும், காலில் விழவும் கூடும். கண்ணீர் மெய்யா பொய்யா என்று ஆராய வேண்டாம். எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், என்ன பிணையோடு திரும்ப வரும் என்பதை வழக்கறிஞர் முன் எழுதிக் கையெழுத்திடச் சம்மதிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

அப்பாவுக்காகக் கண் விழித்தது நடிப்பா என்ற கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. அவரிடமே கேட்டாலும் கிடைப்பது நம்பத்தக்க பதிலாக இராது. அந்த இரவுகளில் அப்பாவுக்குத் தண்ணீர் கிடைத்தது, பக்கத்தில் ஆள் இருந்தார். அந்த உதவியை இப்போது பொய்யாக்கிக்கொண்டு உங்களை நீங்களே இன்னொரு முறை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. அதற்காகக் கணக்கில் சலுகை தரவும் வேண்டியதில்லை.

உங்கள் அக்காளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லாதது எனக்கு உறுத்துகிறது. அவர் உடந்தை என்று முடிவு கட்டிவிட்டீர்களோ என்னவோ. இத்தகைய ஆணின் மனைவிக்கு வீட்டுப் பணத்தின் கணக்கே தெரியாமல் இருப்பதும், அவர் பேரிலேயே கடன்கள் இருப்பதும் உண்டு. கணவரா, தங்கையா என்று அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். இப்போதைக்குக் கணவர் பக்கமே நிற்பார். குற்றச்சாட்டு எதுவும் சொல்லாமல், தம் பெயரில் என்னென்ன கணக்குகளும் கடன்களும் உள்ளன என்பதை வங்கியில் ஒருமுறை விசாரித்துப் பார்க்கும்படி மட்டும் சொல்லிவையுங்கள்.