சவுக்குக் கிளையில் பஞ்சு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மார்கழிக் கச்சேரிகள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவுக்கு, வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிவரும் கேரல் ரவுண்ட்ஸ் வந்துவிடும். சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் மாட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா வியர்வை வழிய ஆடுவார். பாடுவதோ வெண்பனியையும் சறுக்கு வண்டியையும் பற்றி. வீட்டில் சவுக்குக் கிளையை நட்டு, பனி என்று சொல்லிப் பஞ்சு ஒட்டுகிறோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், “நம் ஊரில் இல்லாததை ஏன் பொய்யாகப் பாடுகிறோம்?” என்று கேட்டாள். “வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம், விடு” என்றார் என் மாமனார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். மார்கழியை இசை மாதம் என்கிறீர்கள். அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? எங்கள் வீட்டுத் தொட்டியில் ஒரு செடி இருக்கிறது. டிசம்பரில் மட்டும் அதன் உச்சி இலைகள் சிவக்கின்றன. அதற்குப் பண்டிகை வருவது எப்படித் தெரிகிறது என்பது மகளின் கேள்வி.

தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை

*

அன்புள்ள டீச்சருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது ஒன்றுக்குத்தான் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் சொல்வது பாயின்செட்டியாவாக இருக்க வேண்டும். பிறந்த இடம் மெக்சிகோ. 1820களில் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் தன் நாட்டுக்கு அனுப்பிவைத்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. சிவப்பாக இருப்பவை பூவிதழ்கள் அல்ல, பூவைச் சுற்றியுள்ள இலைகள். பூ நடுவில் மஞ்சள் மணிகளாகச் சின்னதாக இருக்கும். அந்தச் செடி இரவின் நீளத்தை அளக்கிறது. தொடர்ந்து பல வாரங்களுக்கு நீண்ட, இடையறாத இருட்டுக் கிடைத்தால் பூக்கத் தொடங்கும், இலைகள் சிவக்கும். நம் ஊரில் கோடை இரவுக்கும் டிசம்பர் இரவுக்கும் வித்தியாசம் அதிகமில்லை என்றாலும் செடிக்கு அது போதும். தொட்டியை வாசல் டியூப்லைட்டின் கீழே வைத்து இரவு முழுவதும் விளக்கை எரியவிட்டால் அது பச்சையாகவே நின்றுவிடும். அடுத்த ஆண்டு மகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் செடி வெப்பமண்டலத்தது என்பதைக் கவனியுங்கள். இன்று குளிர்நாட்டு வீடுகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் கிறிஸ்துமஸ் அடையாளமாக இருக்கும் அந்தச் சிவப்பு, வெயில் நாட்டிலிருந்து போனது. எல்லாம் வடக்கிலிருந்து நமக்கு வந்தவை என்ற உங்கள் மாமனாரின் கணக்கில் முதல் இடறல் இது.

இனி பாட்டு. உங்கள் மகள் பொய் என்று சொல்லும் பாடல்கள் எங்கே பிறந்தன என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாகிறது. ‘ஜிங்கிள் பெல்ஸ்’ 1857இல் பாஸ்டனில் அச்சானது. எழுதிய ஜேம்ஸ் பியர்பாண்ட் அந்த ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் என்ற குழல் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார். சவானாவில் பனி பெய்வது அபூர்வம். பாட்டு பிறந்தது எங்கள் ஊரில்தான் என்று சவானாவும் மாசசூசெட்ஸின் மெட்ஃபோர்டும் இன்றுவரை சண்டை போடுகின்றன. அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது என்பது வேறு கதை. இளைஞர்கள் குதிரைவண்டியில் பெண்களை ஏற்றிக்கொண்டு சுற்றும் குறும்புப் பாட்டு அது. உங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் பாடவைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டை எழுதியவர் இர்விங் பெர்லின். ரஷ்யப் பேரரசிலிருந்து குழந்தையாக அமெரிக்கா வந்த யூதர். அதன் முகப்பு வரிகள் கலிபோர்னியாவின் வெயிலையும் பச்சைப் புல்லையும் ஆரஞ்சு மரத்தையும் ஈச்சமர வகைகளையும் சொல்லித் தொடங்குகின்றன. டிசம்பர் 24ஆம் தேதி வெயிலில் நின்றுகொண்டு ஒருவன் வடக்கை நினைத்து ஏங்குகிறான். பிங் கிராஸ்பி பாடிப் புகழ்பெற்ற இசைத்தட்டில் அந்த முகப்பு விடுபட்டதால், உலகம் அதைப் பனிக்கு நடுவில் நின்று பாடும் பாட்டு என்று எடுத்துக்கொண்டது. நெருப்பில் சுட்ட செஸ்ட்நட் கொட்டையைப் பற்றிய இன்னொரு கிறிஸ்துமஸ் பாட்டு, 1945 ஜூலையில் கலிபோர்னியாவின் புழுக்கத்தில் எழுதப்பட்டது. பாப் வெல்ஸ் குளிரை நினைத்தாவது உடம்பு தணியட்டும் என்று சில வரிகளைக் கிறுக்கிவைத்திருந்தார்; நண்பர் மெல் டார்மே வந்து பார்த்தார்; பாட்டாகிவிட்டது.

ஆகவே மகளிடம் இப்படிச் சொல்லலாம்: எழுதியவர்களுக்கும் பனி கைக்கெட்டவில்லை. கையில் இல்லாததைப் பாடுவது பொய்யென்றால் நம் பாலைத் திணைப் பாடல்களையும், காதலர் ஊரில் இல்லாத நேரத்தில் எழுந்த எல்லாப் பதங்களையும் தூக்கி எறிய வேண்டியிருக்கும்.

‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ ஒருமுறை நிஜமாகவே வெப்பமண்டலத்தில் ஒலித்தது. 1975 ஏப்ரல் 29, வியட்நாம் போரின் முடிவில், சைகோன். நகரை விட்டு அமெரிக்கர்கள் கடைசியாக வெளியேறுவதற்கான ரகசிய அடையாளம், அமெரிக்கப் படைகளின் வானொலியில் வரும் ஓர் அறிவிப்பு: வெப்பநிலை 105 டிகிரி ஃபாரன்ஹீட், ஏறிக்கொண்டிருக்கிறது. அதைத் தொடர்ந்து இந்தப் பாட்டு. சித்திரை வெயிலில் இந்தப் பாட்டைப் போட்டால் யாரும் தவறவிட மாட்டார்கள் என்று யோசித்தவரின் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும்.

உங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டினால் போனி எம் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டு வராமல் இருக்காது. 1981இல் வந்த அந்தத் தொகுப்பின் கேசட் தேயத் தேய ஓடிய வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். தயாரித்தவர் ஜெர்மானியர். மேடையில் நின்ற நால்வரும் கரீபியக் கடல் தீவுகளில் பிறந்தவர்கள்: இருவர் ஜமைக்கா, ஒருவர் மான்செராட், ஒருவர் அரூபா. அவர்களின் ‘மேரிஸ் பாய் சைல்ட்’ பாட்டை 1956இல் முதலில் பிரபலமாக்கியவர், ஜமைக்காவில் சிறுவயதைக் கழித்த ஹாரி பெலஃபாண்டே. அந்த மேளத் துள்ளலுக்கு உங்கள் கிறிஸ்துமஸ் தாத்தாவின் கால் சட்டென்று ஒத்துப்போவதில் ஆச்சரியமில்லை. வெயில் ஊர்த் தாளம் அது.

கேரல் ரவுண்ட்ஸ் என்பதற்குக் கரீபியத்தில் ஒரு சகோதரன் இருக்கிறான். டிரினிடாட் தீவில் ‘பராங்’ என்று ஒன்று உண்டு. அங்கே ஆட்சிமொழி ஆங்கிலம். ஆனால் பராங் பாடுவது ஸ்பானிஷில். கொக்கோத் தோட்டங்களில் வேலை செய்ய வெனிசுவேலாவிலிருந்து வந்தவர்கள் வழியாக ஊன்றிய மரபு. குவாத்ரோ என்ற நான்கு தந்தி வாத்தியம், கையில் குலுக்கும் மரக்கா, பெட்டியில் கம்பு செருகிக் கயிறு கட்டிய ஒரு பாஸ் வாத்தியம். இரவில் வீடுவீடாகப் போவார்கள். கதவைத் திறக்கச் சொல்ல ஒரு பாட்டு, உள்ளே வந்ததும் பிறப்பைச் சொல்லும் பாட்டு, சாப்பிட்டுக் குடித்த பின் விடைபெற ஒரு பாட்டு. டெய்சி வாய்சின் என்ற பாடகியைப் பராங் அரசி என்றே அழைத்தார்கள். பாடுபவர்களில் பலருக்கு இன்று ஸ்பானிஷில் பேச வராது. பாட்டுக்குள் மட்டும் அந்த மொழி உயிரோடு இருக்கிறது. 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கிய தீவு அது. கல்கத்தாவிலிருந்து அதிகம், சென்னையிலிருந்தும் சில கப்பல்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது பிலிப்பைன்ஸில் இருக்கிறது. மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பினாஸ் என்ற ஊர். 1816இல் அங்கே பங்குக் குருவாக இருந்த தியேகோ சேரா என்ற ஸ்பானியத் துறவி, தன் கோவிலுக்கு ஓர் ஆர்கன் செய்யத் தொடங்கினார். ஐரோப்பாவில் குழல்களை ஈயமும் வெள்ளீயமும் கலந்த தகட்டில் செய்வார்கள். சேராவின் கைக்கு எட்டியது மூங்கில். வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் பல மாதங்கள் புதைத்துவைத்தார். பூச்சி அரிக்கிற மூங்கிலெல்லாம் அதிலேயே கழிந்துவிடும், தப்பித்ததை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கொட்டகைக்காரர்கள் மூங்கிலைக் குளத்தில் ஊறப்போடுவதும் இதே புத்திதான். மொத்தம் 1031 குழல்கள்; அவற்றில் 902 மூங்கில். எக்காளம் போல ஒலிக்க வேண்டியவற்றை மட்டும் மூங்கிலில் கொண்டுவர முடியாமல் உலோகத்தில் செய்தார். 1824இல் வேலை முடிந்தது.

அதன் பிறகு நிலநடுக்கம், புயல் என்று அந்த ஆர்கன் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1970களில் அதைக் கழற்றிச் செப்பனிட ஜெர்மனியின் பான் நகரத்துக்கு அனுப்பினார்கள். மூங்கில் அந்த ஊர்க் காற்றில் உலர்ந்து வெடித்துவிடும் என்பதால், பிலிப்பைன்ஸின் வெப்பமும் ஈரமும் நிலவும்படி அமைத்த அறையில் வைத்து வேலை பார்த்தார்கள். வெள்ளைக்காரன் நாட்டில் ஒரு வாத்தியத்துக்காக நம்முடைய புழுக்கத்தைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். நாம் சவுக்குக் கிளையில் பஞ்சு ஒட்டுவதைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். 1975இல் அது ஊர் திரும்பியது, இன்றும் ஒலிக்கிறது.

சவுக்கும் ஒரு வேடிக்கைதான். ஊசியிலை போலத் தெரிவது இலையே அல்ல, கணுக்கணுவான மெல்லிய கிளை. இலைகள் கணுவைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத செதில்களாக இருக்கும். பைன் மரத்துக்கு அது உறவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்று நம் கிழக்குக் கடற்கரையில் தோப்புத் தோப்பாக வளர்த்தார்கள். எஞ்சினுக்கென்று வந்தது பந்தல் காலாகி, கடைசியில் கிறிஸ்துமஸ் மரமாகவும் ஆயிற்று. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. பிளாஸ்டிக் மரத்தைத்தான் எனக்குப் பிடிக்காது.

அடுத்து மார்கழி. தொடர்பு உண்டா என்று தயக்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள். நேரடியாகவே உண்டு. இந்திய தேசிய காங்கிரஸ் 1885 டிசம்பர் 28ஆம் தேதி பம்பாயில் முதலில் கூடியது. பின்னும் நெடுங்காலம் அதன் மாநாடுகள் டிசம்பர் கடைசியில்தான் நடந்தன. காரணம் எளியது: வந்தவர்களில் வக்கீல்கள் அதிகம், கோர்ட்டுகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. 1927 மாநாடு சென்னையில் கூடியபோது கூடவே ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதில் பிறந்த எண்ணத்தில் 1928இல் மியூசிக் அகாடமி உருவானது. சில ஆண்டுகளில் டிசம்பர் நிலைத்துவிட்டது. திருப்பாவையும் பஜனையும் மார்கழியில் இதற்கு முன்பே இருந்தவை, அவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் மாலை நேரச் சபாக் கச்சேரியும், அதற்கு லீவு போட்டு வருகிற ரசிகரும், காண்டீன் தோசையும் கிறிஸ்துமஸ் விடுமுறையின் நிழலில் வளர்ந்தவை. பட்டுப்புடவை சரசரக்க முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமிகளிடம் இதை நான் நேரில் சொல்லிப் பார்த்ததில்லை.

அந்த மேடையில் பக்கத்தில் வயலின் இருக்கிறதே, அதையும் மாமனாருக்குக் காட்டுங்கள். சென்னைக் கோட்டையில் வாசித்த ஐரோப்பிய பாண்டு இசையைக் கேட்டு வளர்ந்த தீட்சிதர் சகோதரர்களில் பாலுசுவாமி வயலினைக் கற்றுக்கொண்டார். அண்ணன் முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத வரிகள் எழுதினார்; அவற்றை நோட்டுஸ்வரம் என்பார்கள். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில்கூட ஒரு நோட்டுஸ்வரம் இருக்கிறது. மாமனார் மார்கழியில் வயலினைக் கேட்டு ரசிப்பார் என்றால் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரை விட்டுவிட மனமில்லை. வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்தது பாளையங்கோட்டையில்தான். தஞ்சையில் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தார்; இரண்டாம் சரபோஜி உடன் படித்தவர். 1800இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். உலா வரும் தலைவன், அவனைக் கண்டு மயங்கும் தேவமோகினி, குறி சொல்ல வரும் சிங்கி, பறவை பிடிக்கும் சிங்கன் என்று குற்றாலக் குறவஞ்சிக்காரர்களுக்குப் பழகிய ஆட்கள் அத்தனை பேரும் பெத்லகேமுக்குப் போய்விடுகிறார்கள். பனியும் இல்லை, சறுக்கு வண்டியும் இல்லை. பின்னால் வந்த இளம் பாதிரிமார்கள் தமிழ்ப் பாட்டிலும் பண்டிகைப் பூ அலங்காரத்திலும் கைவைத்தபோது சாஸ்திரியார் கொதித்து எழுதினார். அந்த விஷயத்தில் நான் அவர் பக்கம். அதே மூச்சில் எல்லாச் சாதியினரும் ஒன்றாக உட்காரச் சொல்வதையும் கொடுமை என்று எழுதினாரே, அந்த விஷயத்தில் பாதிரிமார்கள் பக்கம்.

வெளியிலிருந்து வந்த பொருளா என்று நான் பார்ப்பதில்லை. அதில் இந்த ஊர்க் கை பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். மூங்கில் ஆர்கனில் பட்டிருக்கிறது, பராங்கில் பட்டிருக்கிறது, உங்கள் வீட்டுப் பஞ்சிலும் பட்டிருக்கிறது. கேரல் குழுவினர் வாயசைக்க, பென் டிரைவிலிருந்து பாட்டு ஓடும் இந்தச் சமீபத்திய ஏற்பாட்டில் எந்தக் கையும் படவில்லை. கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் தானே அடிக்கும் தாளமும் அப்படித்தான். அந்த இரண்டுக்காகவும் மாமனார் கோபித்துக்கொள்ளட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

எனக்கு ஒரு உதவி. உங்கள் பக்கத்துச் சபைகளில் குறவஞ்சிப் பாடல்களைப் பழைய மெட்டில் பாடும் பெரியவர்கள் யாராவது இருந்தால், கேரல் ரவுண்ட்ஸ் வரும் இரவில் கைபேசியில் பதிவுசெய்து அனுப்புங்கள். இடையில் டிரம் சத்தம் விழுந்தாலும், காபி கொடுக்கும் சத்தம் விழுந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்.