பரிசலில் 10 அடி தூண்டில் கோல்

ஒகேனக்கல் பக்கம் ஊட்டமலையில் பரிசல் ஏறியபோது 10 அடி தூண்டில் கோல் வெளியே நீட்டியிருந்து, பாறையில் பட்டு நுனி முறிந்தது, இனி எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஒன்று போயிருக்கிறதுங்க. பாறையில் இல்லை, கூட வந்த மச்சான் மிதித்து! அதனால் கோலை வெறுமனே தரையில் போடவே போடாதீர்கள்.

பரிசல் வட்டம், துடுப்புப் போடப் போடச் சுற்றும். நீட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் ஏதோ ஒரு சுற்றில் பாறையைத் தேடிப் போய் இடிக்கும். உங்களுடையது இரண்டு துண்டுக் கோல்தானே? கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்து, பழைய சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி இரண்டு இடத்தில் மாட்டுங்கள். தூண்டில் நரம்பு சுற்றும் ரீல் தனியாகப் பையில். அப்புறம் 3 அங்குல பிவிசி குழாயை ஐந்தரை அடிக்கு வெட்டி, ஒரு முனையில் மூடியை ஒட்டி, உள்ளே ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைப் போட்டு, நுனி மேலே வரும்படி செருகுங்கள். அடி மூடியில் சின்ன ஓட்டை வேண்டும். ஈரம் தேங்கினால் கோலில் நரம்பு நுழையும் வளையங்கள் துருப்பிடிக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து பைக்கில் வரவும் இதே குழாய் போதும்.

ஒரே துண்டுக் கோல் என்றால் பரிசலை மறந்துவிட்டு, கரையிலேயே உட்காருவது நல்லது. இன்னொன்று, கார்பன் கோலில் மின்சாரம் பாயும். கரையில் நிமிர்த்தும் முன் மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள்.