‘ப்ரரோக்’ என்றால் ஒத்திவைப்பதா, முடக்குவதா?

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆளுநர் சட்டமன்றத்தை ‘ப்ரரோக்’ (prorogue) செய்தார் என்று ஆங்கில நாளிதழில் படித்தேன். அகராதியில் ‘ஒத்திவை’ என்று இருக்கிறது. ‘அட்ஜர்ன்’ என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? விடைத்தாளில் எப்படி எழுதுவது? அலுவலகக் கூட்டத்தைத் தள்ளிவைக்கும்போதும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா?”

இரண்டும் ஒன்றல்ல. ‘கூட்டத்தொடரை முடித்துவைத்தார்’ என்று எழுதுங்கள். அலுவலகக் கூட்டத்துக்கு ‘ப்ரரோக்’ வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். சட்டமன்றச் செய்தி எதைப் படித்தாலும், முடிவது எது என்று முதலில் பாருங்கள். அன்றைய அமர்வா, கூட்டத்தொடரா, அவையேவா? அமர்வை நிறுத்துவது அட்ஜர்ன். அதைச் செய்பவர் சபாநாயகர். மதிய உணவுக்காக நிறுத்தினாலும், நாளை காலைக்குத் தள்ளினாலும், ‘தேதி குறிப்பிடாமல்’ ஒத்திவைத்தாலும் அது அட்ஜர்ன்தான். கூட்டத்தொடர் முழுவதையும் முறைப்படி முடிப்பது ப்ரரோக். மாநிலத்தில் அது ஆளுநரின் ஆணை, அரசியல் சட்டப் பிரிவு 174. நாடாளுமன்றத்துக்குக் குடியரசுத் தலைவர், பிரிவு 85. அவையே இல்லாமல் போய்த் தேர்தல் வந்தால் அது கலைப்பு.

இதில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசி நாளில் சபாநாயகர் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்ததும் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். சட்டப்படி முடியவில்லை. முடித்துவைக்கும் ஆணை வரும்வரை கதவு சாத்தப்படுவதில்லை. பஞ்சாபில் 2023-இல் இதுவே வழக்கானது. மார்ச்சில் தொடங்கிய பட்ஜெட் கூட்டத்தொடர் 22-ஆம் தேதி தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. யாரும் அதை முடித்துவைக்கவில்லை. ஜூன் 19, 20 தேதிகளில் சபாநாயகர் அவையை மறுபடி கூட்டினார். அந்தக் கூட்டம் செல்லுமா என்று ஆளுநர் பன்வாரிலால் புரோஹித் (முன்பு தமிழ்நாட்டில் ஆளுநராக இருந்தவர்) கேள்வி எழுப்பினார். செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பர் 10-இல் தீர்ப்பளித்தது. அட்ஜர்ன் மட்டும் செய்திருந்ததால் சபாநாயகரே திரும்பக் கூட்ட முடிந்தது. முடித்துவைத்திருந்தால் ஆளுநர் புதிதாக அழைத்திருக்க வேண்டும்.

அவசரச் சட்டமும் இதோடு சேர்ந்ததுதான். அவை கூட்டத்தொடரில் இல்லாதபோதுதான் அதைப் பிறப்பிக்க முடியும். அதனால்தான் கூட்டத்தொடரை முடித்துவைக்கும் ஆணை எப்போது வருகிறது என்று அரசியல் வட்டாரத்தில் கூர்ந்து கவனிப்பார்கள்.

சரி, தமிழில் எந்தச் சொல்? ‘ஒத்திவைப்பு’ குழப்பும் என்று பார்த்துவிட்டோம். ‘முடக்கம்’ அதைவிட மோசம், எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே வருத்தமாக இருக்கிறது. 2022 பிப்ரவரி 12 முதல் மேற்கு வங்கச் சட்டமன்றத்தை ஆளுநர் ஜக்தீப் தன்கர் ப்ரரோக் செய்தபோது, ‘சட்டசபை முடக்கம்’ என்றே தமிழில் செய்தி பரவியது. படித்தவர்களுக்கு, அவையையே செயலிழக்க வைத்துவிட்டார் என்று தோன்றியது. ஆளுநரின் செயல் முறையல்ல என்று தமிழக முதல்வர் ஸ்டாலின் கண்டித்தார். மாநில அரசின் பரிந்துரைப்படியே செய்ததாகத் தன்கர் பதில் தந்தார். அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஆனால் ‘முடக்கம்’ என்பது, குடியரசுத் தலைவர் ஆட்சி வரும்போது அவையைக் கலைக்காமல் நிறுத்திவைப்பதற்கு நாம் ஏற்கெனவே சொல்லும் வார்த்தை. ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் ஏவினால், படிப்பவர் பதறத்தான் செய்வார். இலங்கையில் 2018 அக்டோபர் 27-இல் ஜனாதிபதி சிறிசேன நவம்பர் 16 வரை நாடாளுமன்றத்தை ப்ரரோக் செய்தபோதும் ‘ஒத்திவைப்பு’, ‘முடக்கம்’ இரண்டும் தமிழ்ச் செய்திகளில் மாறி மாறி வந்தன. நவம்பர் 9-இல் அவர் நாடாளுமன்றத்தைக் கலைத்தது தனி நடவடிக்கை. டிசம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது அந்தக் கலைப்பைத்தான்.

அகராதி ‘ஒத்திவை’ என்பதற்கும் காரணம் இருக்கிறது. லத்தீனில் ‘ரோகாரே’ என்றால் கேட்பது. ‘ப்ரோரோகாரே’ என்றால் மக்களைக் கேட்டுப் பதவிக்காலத்தை நீட்டிப்பது. கி.மு. 326-இல் நேப்பிள்ஸ் முற்றுகையின் நடுவில் பதவிக்காலம் முடியவிருந்த ரோமானியத் தளபதி பப்ளிலியஸ் ஃபிலோவுக்கு அப்படித்தான் அதிகாரத்தை நீட்டித்தார்கள். நீட்டிப்பது, காலம் தள்ளுவது ஆகி, அப்புறம் ஆங்கில நாடாளுமன்றத்தில் கூட்டத்தொடரை முடிப்பது ஆனது. தள்ளிப்போடும் அந்தப் பழைய பொருள் இன்று வழக்கில் அரிது.

பிரிட்டனைப் பற்றிப் படிக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கூட்டத்தொடர் முடிந்தால், அடுத்ததற்குக் கொண்டுபோகத் தனியாக முடிவெடுக்காத மசோதாக்கள் காலாவதியாகிவிடும். இந்தியாவில் அப்படி இல்லை. மாநில மசோதாக்களைப் பிரிவு 196, உட்பிரிவு 3 காப்பாற்றுகிறது. 2019-இல் போரிஸ் ஜான்சன் அரசு ஐந்து வாரத்துக்கு நாடாளுமன்றத்தை முடித்துவைத்ததை, செப்டம்பர் 24-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றார்கள்.

உச்சரிப்பு ‘ப்ரரோக்’, அழுத்தம் ‘ரோ’வில். ‘டயலாக்’ போலவே கடைசி இரண்டு ஆங்கில எழுத்துக்கும் (ue) ஒலி கிடையாது. பெயர்ச்சொல் ‘ப்ரோரகேஷன்’. இந்த வினைக்குச் செயப்படுபொருளாக அவை, நாடாளுமன்றம், கூட்டத்தொடர் ஆகியவைதான் வரும். உங்கள் மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்ற ‘போஸ்ட்போன்’ போடுங்கள். நடந்துகொண்டிருப்பதைப் பாதியில் நிறுத்தினால் ‘அட்ஜர்ன்’ போதும். விடைத்தாளில் இப்படி எழுதலாம்: ‘பேரவைத் தலைவர் அவையைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார், பின்னர் ஆளுநர் கூட்டத்தொடரை முடித்துவைத்து ஆணையிட்டார்.’