கோதுமை, பால், மச்சம் (மீன், இறைச்சி) இல்லாம வீட்டுச் சாப்பாடு - பதில்

அக்கா, மகளுக்கு சீலியாக் (கோதுமையில இருக்கிற குளூட்டன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத வருத்தம்) எண்டிட்டினம், வீட்டில ஒருத்தரும் மச்சமோ பாலோ தொடுறேல்லை, அரிசிப் புட்டும் தோசையும் குடுத்தும் வயிறு ஊதுது எண்டு கேட்டிருந்தியள். முதல்ல மாவைப் பாருங்கோ. எங்கட பக்கம் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவிச்ச கோதுமை மா கலக்கிறது வழக்கம், தோசைக்கும் கனபேர் போடுறவை, கடைச்சாப்பாடெண்டா சொல்லவே தேவையில்லை. மில்லில உங்களுக்கு முன்னம் ஆரும் கோதுமை அரைச்சிருந்தா அந்தத் தூளும் சேர்ந்துதான் வரும், அதால வீட்டிலயே அரைச்சு அரிச்சு வறுக்கிறதுதான் நல்லம். கூட்டுப் பெருங்காயத்திலயும் அனேகமாக் கோதுமை மா இருக்கும், சோயா மீற் பக்கெற்றையும் திருப்பி வாசியுங்கோ.

எல்லாருக்கும் ஒரே சட்டியில எண்டா ஒடியல் கூழ்தான் என்ர சொய்ஸ். ஒடியல் (காயவைச்ச பனங்கிழங்கு) மாவை ஊறவிட்டு, மேல தெளியிற தண்ணியை ரெண்டு மூண்டு தரம் ஊத்தினாத்தான் கசப்புப் போகும். மீன் நண்டுக்குப் பதிலா பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளி, முருங்கை இலை, ஒரு பிடி அரிசி போட்டு நல்லா அவியவிட்டு, அரைச்ச செத்தல் மிளகாயும் புளியும் விட்டு, பிறகு கரைச்ச மாவை ஊத்திக் கட்டிபடாமத் துழாவுங்கோ. மீனில்லாம என்ன கூழ் எண்டு பெரியாக்கள் கேப்பினம், கேக்கட்டும்.

இரவைக்குக் குரக்கன் (கேழ்வரகு) புட்டு, இல்லாட்டிச் சிவப்பரிசி மா இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். சம்பல் கடையில வாங்கினா மாசிக் கருவாடு இருக்கலாம், கவனம். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியும் புதுசு ஒண்டு வாங்குங்கோ, ஓலைப் பின்னலுக்குள்ள ஒட்டின பழைய மா எவ்வளவு தேச்சுக் கழுவினாலும் முழுசாப் போகாது.