வைரக் குறையால் காந்தப்புலம் அளப்பது: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): வைரத்தில் உள்ள குறை எப்படி அளவுகருவி ஆகிறது?

பதில்: கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அணு உட்கார்ந்து, அதன் பக்கத்து இடம் காலியாக இருந்தால் அதை என்வி (நைட்ரஜன்-காலியிடம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) மையம் என்கிறோம். பச்சை லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிரும். கூடவே நுண்ணலையைச் செலுத்தி அதிர்வெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், 2.87 கிகாஹெர்ட்ஸை நெருங்கும்போது சிவப்பு சற்று மங்கும். காந்தப்புலம் இருந்தால் அந்த மங்கல் இரண்டாகப் பிரியும். மையத்தின் அச்சுவழியே புலம் ஒரு மில்லிடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) கூடினால், ஒன்று 28 மெகாஹெர்ட்ஸ் மேலேயும் மற்றது அதே அளவு கீழேயும் நகரும். இடைவெளியை அளந்தால் புலம் தெரிந்துவிடும்.

கேள்வி (நகைத் தொழிலாளி): மோதிரத்து வைரம் போதுமா?

பதில்: போதாது, மோதிரத்தைக் கையிலேயே வைத்திருங்கள். இயற்கை வைரத்தில் நைட்ரஜன் பெரும்பாலும் தனித்தனி அணுவாக இல்லாமல் கூட்டுச்சேர்ந்தே கிடக்கும். ஆய்வகத்தில் மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களிலிருந்து வைரம் வளர்த்து, எலக்ட்ரான் கற்றையால் சில கார்பன் அணுக்களைத் தட்டி வெளியேற்றி, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் காலியிடங்கள் நகர்ந்து நைட்ரஜன் அருகே வந்து நிற்கும்.

கேள்வி (மருத்துவக் கருவிப் பொறியாளர்): மீக்கடத்திக் (மின்தடையே இல்லாத பொருள்) காந்தமானிகள் இதைவிட நுட்பமானவை ஆயிற்றே?

பதில்: ஆம். மூளையின் காந்தப்புலம் சுமார் 100 ஃபெம்டோடெஸ்லா, அதாவது பூமியின் புலத்தில் ஏறத்தாழ ஐம்பது கோடியில் ஒரு பங்கு; அவ்வளவு மெல்லியது. வைரம் நாளைக்கே மூளையைப் படம்பிடிக்கும் என்று எழுதுவோரை நான் நம்புவதில்லை. வைரத்தின் பலம் நெருக்கம். மிகச் சிறிய காந்தத்தின் புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறையும்; தொலைவு இரட்டித்தால் எட்டில் ஒன்றாகிவிடும். என்வி மையத்தையோ மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் ஆழத்திலேயே வைக்கலாம். மீக்கடத்திக் கருவியை உறையவைக்கும் குளிரில் வைத்தாக வேண்டும். இதற்கு அறை வெப்பநிலை போதும். ஆகவே உயிருள்ள செல்லை வைரத்தின்மேலேயே கிடத்தலாம். 2013-இல் ஹார்வர்டு குழு ஒன்று, காந்தத் துகள்களைச் சுமக்கும் பாக்டீரியாக்களை இப்படித்தான் உயிரோடு படம்பிடித்தது.

கேள்வி (ஆராய்ச்சி மாணவர்): வெப்பநிலை மாறினால் அளவு பிழைக்காதா?

பதில்: ஒரு டிகிரி கூடினால் இரண்டு மங்கல்களும் சேர்ந்தே சுமார் 74 கிலோஹெர்ட்ஸ் கீழிறங்கும். புலமோ அவற்றை எதிரெதிராகத் தள்ளும். வித்தியாசத்தை எடுத்தால் புலம், சராசரியை எடுத்தால் வெப்பநிலை. அதே 2013-இல் நானோவைரங்களை மனித செல்லுக்குள் செலுத்தி வெப்பநிலையையும் அளந்தார்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): கைப்பேசியில் வருமா?

பதில்: எதற்கு? திசை காட்டப் பூமியின் 50 மைக்ரோடெஸ்லாவை அறிந்தால் போதும். அதற்குக் கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள மலிவான உணரியே தாராளம்.