புவிச்சரிதவியல் படத்தில் பிளவுக்கோட்டில் வரையும் சிறு முக்கோணப் பற்கள் நோக்கும் திசையில்தான் பாறை நகர்ந்ததா?

இல்லை தங்கை. உயர்தரப் புவியியல் படிக்கும் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் காலடியில் பரந்து கிடப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். காங்கேசன்துறைக் கற்குழிகளில் தெரியும் வெடிப்புகளைக் காட்டி, "இதுதானே பிளவு?" என்று மாணவர்கள் கேட்பார்கள். இரு பக்கமும் ஒன்றையொன்று விட்டு நகர்ந்திருந்தால்தான் அது பிளவு. நகராதவரை வெறும் வெடிப்புத்தான். படத்தில் பற்களும் அம்புகளும் வருவதே அந்த நகர்வைச் சொல்வதற்காக.

பற்களுக்குப் போகுமுன் கோட்டைப் பாருங்கள். முழுக்கோடு என்றால் பிளவின் இடம் தெளிவாகத் தெரியும். துண்டு துண்டாக இருந்தால் இடம் உத்தேசமானது. புள்ளிக்கோட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அது சந்தேகத்தைக் குறிப்பதில்லை. பிற்கால மணலோ வண்டலோ பிளவை மூடியிருக்கிறது என்று பொருள். சந்தேகத்துக்குக் கேள்விக்குறியே போடுவார்கள்.

முக்கோணப் பற்கள், ஒரு பாறைத்தொகுதி மற்றொன்றின் மேல் ஏறிய பிளவுக்கு உரியவை. மேலே ஏறிக் கிடக்கும் பக்கத்தில்தான் அவை இருக்கும். பற்கள் மேற்கே இருந்தால் பிளவுத்தளம் மேற்கு நோக்கிச் சரிந்து ஆழத்துக்குப் போகிறது. அதன் மேலிருந்த பாறை கிழக்கு நோக்கி ஏறி வந்திருக்கிறது. பரீட்சையில் குறுக்குவெட்டு வரையச் சொன்னால் இது ஒன்றே போதும்.

சாதாரணப் பிளவு என்பது பிளவுத்தளத்தின் மேலுள்ள பாறை கீழே இறங்கிய வகை. அதில் அமெரிக்கப் படங்கள் இறங்கிய பக்கத்தில் ஒரு சிறு கோடும் அதன் நுனியில் உருண்டையும் இடுகின்றன. பிரித்தானியப் படங்களில் சிறு கோடு மட்டும்தான். ஆகவே படத்தின் குறிவிளக்கத்தை வாசிக்காமல் தொடங்காதீர்கள். கிடையாக நகர்ந்த பிளவுக்கு இரு பக்கமும் எதிரெதிரான அரை அம்புகள் இருக்கும். ஒரு பக்கத்தில் நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பதாக எண்ணுங்கள். அங்குள்ள அம்பு வலப்புறம் போனால் அது வலப்பக்க நகர்வு.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மத்திய மலைநாட்டின் உயர்நிலத் தொகுதி என்னும் பாறைத்தொகுதி, கிழக்கிலுள்ள விஜயன் தொகுதி என்னும் பாறைத்தொகுதியின் மேல் ஏறியதாகக் கருதப்படுகிறது. கதிர்காமத்தில் உயர்நிலத் தொகுதிப் பாறைகள் விஜயன் பாறைகள் சூழத் தனித்துக் கிடக்கின்றன. மேலே ஏறி வந்த பாறையில் அரிப்புக்குப் பின் எஞ்சிய துண்டு அது. அத்தகைய துண்டை வளைக்கும் கோட்டில் பற்கள் உள்நோக்கி இருக்கும். வளையத்தின் பற்கள் வெளிநோக்கி இருந்தால், மேற்பாறை அரிந்துபோய் நடுவில் அடிப்பாறை வெளிப்பட்டிருக்கிறது என்று வாசியுங்கள்.