அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இன் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன், ஓடிப்போய்ப் பந்து பிடிக்கும் வைட் ரிசீவர்களை ஒப்பிடுவது எப்படி? 2024-இல் ஹாரிசன், நேபர்ஸ், ஒடூன்ஸே மூவரில் யாரை முதலில் வைத்திருக்க வேண்டும்?

என் வரிசை: மாலிக் நேபர்ஸ், மார்வின் ஹாரிசன் ஜூனியர், ரோம் ஒடூன்ஸே. நடந்து முடிந்த பிறகு சொல்வது சுலபம்தானே என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் பெரும்பாலானோர் ஹாரிசனைத்தான் முதலில் வைத்தார்கள். டெட்ராய்ட் டிராஃப்டிலும் அவர் 4-ஆவதாக அரிசோனாவுக்கும், நேபர்ஸ் 6-ஆவதாக நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும், ஒடூன்ஸே 9-ஆவதாக சிகாகோவுக்கும் போனார்கள். ஆனாலும் நேபர்ஸை மேலே வைப்பதற்கான காரணங்கள் கல்லூரி வீடியோவிலேயே இருந்தன. "யார் பெரிய ஆட்டக்காரர்" என்று பார்க்காமல், "இவர் எப்படித் தனக்கு இடம் உண்டாக்கிக்கொள்கிறார், அந்த வழி என்.எஃப்.எல்-இலும் செல்லுமா" என்று பார்த்திருந்தால் அவை கண்ணில் பட்டிருக்கும்.

முதலில் எண்கள். 2023 சீசனில் ஒடூன்ஸே 92 கேட்ச், 1,640 யார்டு; அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகம். நேபர்ஸ் 89 கேட்ச், 1,569 யார்டு. ஹாரிசன் 67 கேட்ச், 1,211 யார்டு. மொத்தத்தைப் பார்த்தால் ஒடூன்ஸே முன்னால் இருக்கிறார். ஆனால் அவருடைய வாஷிங்டன் அணி இறுதிப் போட்டி வரை போனதால் அவர் ஆடியது 15 ஆட்டம். நேபர்ஸ் 13, ஹாரிசன் 12. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வகுத்தால் நேபர்ஸ் சுமார் 121, ஒடூன்ஸே 109, ஹாரிசன் 101. வரிசை மாறிவிட்டது.

இதோடு நிறுத்தினாலும் தப்புதான். பந்து எறிந்தவர் யார் என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். நேபர்ஸுக்கு எறிந்தவர் கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை அந்த ஆண்டு வாங்கிய ஜேடன் டேனியல்ஸ். அதே அணியில், மைதானத்தின் மறுபக்கத்தில் 17 டச் டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்) பிடித்த பிரையன் தாமஸ் நின்றதால் தடுப்பு முழுவதும் நேபர்ஸ் பக்கம் சாய முடியவில்லை. ஒடூன்ஸேவுக்கு மைக்கேல் பெனிக்ஸ். ஹாரிசன் கதை வேறு. 2022-இல் சி.ஜே. ஸ்ட்ரவுட் எறிந்தபோது 1,263 யார்டு, 14 டச் டவுன். அடுத்த ஆண்டு ஸ்ட்ரவுட் போய் கைல் மெக்கார்ட் வந்த பிறகும் 1,211 யார்டு, அதே 14 டச் டவுன். எறிபவரின் தரம் இறங்கியும் எண்கள் பெரிதாக இறங்கவில்லை என்றால் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. வயதையும் குறியுங்கள்: டிராஃப்ட் நாளில் நேபர்ஸுக்கு 20, மற்ற இருவருக்கும் 21. நான்காம் ஆண்டு மாணவர் தன்னைவிடச் சின்னப் பையன்களை மிஞ்சுவதும், 20 வயதுக்காரர் மூத்தவர்களை மிஞ்சுவதும் ஒன்றல்ல.

அடுத்து, கல்லூரி ஆட்டமும் என்.எஃப்.எல். ஆட்டமும் ஒரே ஆட்டம் இல்லை. கல்லூரி மைதானத்தில், பந்தை வைக்கும் எல்லையைக் குறிக்க நடுவிலுள்ள ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி, என்.எஃப்.எல்-இல் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் மறுபக்கம் பெரிய வெற்றிடம் கிடைக்கும். அந்த அகலப் பக்கத்தில் நின்று சேர்த்த யார்டுகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கணக்கில் எடுக்க வேண்டும். கோட்டோரம் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும், அங்கே இரண்டு காலும் பட வேண்டும். ரிசீவருக்குச் சாதகமான மாற்றமும் ஒன்று உண்டு: என்.எஃப்.எல்-இல் 5 யார்டுக்கு அப்பால், ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக் கை வைத்தால் பிழை. கல்லூரியில் பந்து காற்றில் ஏறும்வரை தள்ளிக்கொண்டே போகலாம். ஆகவே முதல் 5 யார்டை வெல்லத் தெரிந்தவருக்கு மேலே போனபின் வாழ்க்கை சற்று எளிது. அங்கே தோற்பவருக்கு அதற்கு மேல் ஒன்றுமே இல்லை.

அதனால் வீடியோ பார்க்கும்போது அந்த 5 யார்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிவி ஒளிபரப்பு இதற்கு உதவாது. கேமரா பந்தின் பின்னால் போகும், ரிசீவர் இரண்டாவது நொடியிலேயே திரையை விட்டு வெளியே. 22 பேரும் தெரியும் மேல்கோணப் பதிவு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால், ஒரே ஆட்டக்காரரின் எல்லா ஆட்டத் துணுக்குகளையும் தொகுத்த வீடியோக்களில் பந்து வராத துணுக்குகளும் இருக்கின்றனவா என்று பார்த்து எடுங்கள். சிறப்புக் காட்சித் தொகுப்பு வேண்டவே வேண்டாம். அதில் எல்லோரும் ரிசீவர்களில் ஜாம்பவானான ஜெர்ரி ரைஸ்தான். ஒருவருக்கு நான்கைந்து ஆட்டம் போதும்: இரண்டு வலுவான கார்னர்பேக்குகளுக்கு எதிராக, ஒன்று அவர் சொதப்பியது, மீதி சாதாரணம். கார்னர்பேக் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும் பிரெஸ் துணுக்குகளை மட்டும் தனியாக எண்ணுங்கள். வென்றாரா, எதனால் வென்றார் என்று இரண்டே குறிப்பு போதும். காலால் ஏமாற்றினாரா, கையைத் தட்டிவிட்டாரா, வெறும் வேகமா? தொடக்கத்தில் நான்கைந்து குட்டி அடி வைத்து ஆடிவிட்டுக் கிளம்புபவரைக் கவனியுங்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் என்.எஃப்.எல்-இல் பந்து இரண்டரை நொடி வாக்கில் கையை விட்டுப் போய்விடும். அதற்குள் அவர் ஓட வேண்டிய பாதையான ரூட்டின் பாதிகூட முடிந்திருக்காது.

அடுத்து நிற்கும் விதம். 12 யார்டு ஓடித் திரும்பும் ரூட்டில் முழு வேகத்திலிருந்து நிற்க எத்தனை காலடி எடுக்கிறார் என்று எண்ணுங்கள். மூன்று அடி என்றால் பிரமாதம். ஐந்து, ஆறு என்றால் கார்னர்பேக்குக்கு முன்கூட்டியே சேதி போய்விட்டது. இடுப்பு இறங்குவதற்கு முன்பே மார்பு நிமிர்ந்தாலும் அதே கதிதான்.

இந்த அளவுகோலில் ஹாரிசன் உண்மையிலேயே அபூர்வம். 6 அடி 3 அங்குல உயரத்துக்கு அவ்வளவு சட்டென்று நின்று திரும்புபவர்கள் குறைவு. 2023 பென் ஸ்டேட் ஆட்டத்தில் 11 கேட்ச், 162 யார்டு. ஆனால் அங்கே எதிரே இருந்த கார்னர்பேக்குகளில் ஒருவரான கேலன் கிங், ஒரு காலத்தில் முதல் சுற்று என்று பேசப்பட்டவர், கடைசியில் 7-ஆம் சுற்றில் போனார். எதிராளியின் பெயரைப் பார்த்து மதிப்பெண் போடுவதில் உள்ள ஆபத்து இதுதான். ஹாரிசனின் குறை, பந்து பிடித்த பிறகு பெரிதாக ஓடிச் சேர்ப்பவர் இல்லை என்பது. அப்படிப்பட்டவருக்குச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் பந்து வந்தே ஆக வேண்டும். டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாமான காம்பைனிலும் சரி, கல்லூரியே நடத்தும் சோதனை நாளான புரோ டேயிலும் சரி, அவர் ஓடிக் காட்டவே இல்லை. அது குற்றமில்லை, ஆனால் வேகத்துக்கு ஒரு எண்ணும் இல்லாமலேயே "குறையே இல்லாதவர்" என்ற பட்டம் கிடைத்துவிட்டது.

நேபர்ஸ் 6 அடி, 200 பவுண்டுக்குப் பக்கம். ஸ்லாட்டிலும் (உள்பக்க இடம்) கோட்டோர வெளிப்பக்கத்திலும் மாறி மாறி நின்றார். குறுக்காக ஓடி 6 யார்டில் பிடித்து, முதல் ஆளைத் தப்பித்து 20 ஆக்குவதுதான் அவர் தொழில். எறிபவர் சுமாராக இருந்தாலும் இந்தத் திறமை வீணாகாது, ஏனென்றால் 6 யார்டு பந்தை யாரும் எறிவார்கள். நடந்ததும் அதுதான். 2024-இல் ஜயன்ட்ஸ் பந்து எறியும் குவார்ட்டர்பேக்குகள் பலரை மாற்றி மாற்றி இறக்கியும் 15 ஆட்டத்தில் 109 கேட்ச், 1,204 யார்டு எடுத்தார். ஹாரிசன் 62 கேட்ச், 885 யார்டு, 8 டச் டவுன்.

ஒடூன்ஸேவின் பலம் ஆள் மேல் ஆள் விழும் பந்துகள். கடைசிக் கல்லூரி சீசனில் அப்படி வந்தவற்றில் முக்கால்வாசியைப் பிடித்தார். பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் ஒருவர் அடிக்கடி ஆள் ஒட்டியபடியே பிடிக்கிறார் என்றால், அடிக்கடி ஆள் ஒட்டியிருக்கிறது என்றும் அர்த்தம். மற்ற இருவருக்குக் கீழே அவரை வைக்க எனக்கு அது ஒன்றே போதும். 734 யார்டோடு முதல் ஆண்டு முடிந்ததற்கு அவரை மட்டும் சொல்ல முடியாது, சிகாகோவின் மற்ற ரிசீவர்களான டி.ஜே. மூர், கீனன் ஆலன் இருவருக்கும் பிறகுதான் அங்கே அவர் முறை.

40 யார்டு ஓட்டத்தைக் கடைசியாகப் பாருங்கள். வீடியோவில் கண்டதைச் சரிபார்க்கத்தான் அது, வரிசை போட அல்ல. 2017-இல் 4.22 நொடி ஓடிய ஜான் ராஸை 9-ஆவதாக எடுத்து சின்சினாட்டி ஏமாந்தது. 2019-இல் டி.கே. மெட்காஃப் 4.33 ஓடினார், ஆனால் கூம்புகளைச் சுற்றி வளைந்தோடும் சோதனையில் 7.38 நொடி என்று மோசமாக வந்ததும் 64-ஆவது இடத்துக்கு இறங்கினார். சியாட்டில் அவரை வளைந்தோடவே சொல்லவில்லை. நேராக ஓட விட்டது. விசித்திரமானது 2020 தான். 21-ஆவது இடத்தில் பிலடெல்பியா எடுத்த ஜேலன் ரேகர் வேகத்துக்குப் பேர்போனவர்; காம்பைனில் அவர் ஓடியது 4.47. ஸ்லாட்டுக்கு மட்டும்தான் லாயக்கு என்று பலர் ஒதுக்கி, பின்னால் லீக்கின் முன்னணி ரிசீவரான ஜஸ்டின் ஜெபர்சன் ஓடியது 4.43. மினசோட்டா அவரை அடுத்த இடத்திலேயே எடுத்துக்கொண்டது.

முதல் மூவரோடு நின்றுவிடாதீர்கள். அதே 2024-இல் 23-ஆவதாகப் போன பிரையன் தாமஸ் 1,282 யார்டு எடுத்து மூவரையும் தாண்டினார். 34-ஆவதாகப் போன லாட் மெக்காங்கி 1,149. மெக்காங்கியின் கடைசி ஜார்ஜியா சீசன் காயத்தால் வெறும் 30 கேட்ச், 478 யார்டு. எண்ணை வைத்து வடிகட்டினால் பட்டியலிலேயே வரமாட்டார். ஆனால் அந்த 30-இல் பலவற்றில், பந்து கைக்கு வரும்போது பக்கத்தில் ஆளே இல்லை.